ஒரே கம்பி

"பொறுங்கோ ஐயா, உங்களுக்கு மட்டுமே வாய் இருக்கு?" என்று டெலிபோனில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் சொல்லிக்கொண்டே யோகராணி இன்னொரு தோட்டத்தின் வயரைப் பிடுங்கி வேறு துளையில் குத்துவாள்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துச் சின்னத் தபால் கந்தோரில் டெலிபோன் பலகைக்கு அவள்தான் பொறுப்பு. யாழ்ப்பாணத்துப் பெண். குளிருக்குச் சேலைக்கு மேல் அண்ணனின் பழைய கோட்டு. கோபம் வந்தால் தேநீரை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள். கோபம் தினமும் வரும்; பெரும்பாலும் பின்னேரங்களில்.

சுற்றியுள்ள தோட்டங்களின் டெலிபோன்கள் எல்லாம் அந்தப் பலகைக்குத்தான் வருகின்றன. அங்கிருந்து நகரத்துக்கு இறங்குவதோ ஒரே கம்பி. பின்னேரமானால் பெரிய தோட்டத்துக் கிளாக்கர் அதைப் பிடித்துக்கொள்வார். எந்த மலையில் எவ்வளவு கொழுந்து, ஸ்டோரில் எத்தனை பெட்டித் தேயிலை என்று கொழும்புக் கம்பனிக்கு ஒவ்வொன்றாக வாசிப்பார். அங்கே ஒருவர் எழுதி எழுதித் திருப்பிச் சொல்வார். முடியும் வரை மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

"ஒரு மலைக் கணக்கைச் சொல்லிப்போட்டு லைனை விடுங்கோ. அவசரக்காரர் கதைக்கட்டும். பிறகு மற்ற மலையைச் சொல்லுங்கோ" என்று பலமுறை கேட்டுப் பார்த்தாள்.

"வெட்டி வெட்டி வாசிக்க இதென்ன கதைப் புத்தகமே, தங்கச்சி?" என்று கிளாக்கர் சிரித்தார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம், அதே தோட்டத்து மருந்தக டெலிபோனிலிருந்து டிஸ்பென்சர் கூப்பிட்டார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வேலாயி என்ற பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி இரத்தம் நிற்கவில்லை. "அம்புலன்ஸ் வேணும்மா, சீக்கிரம்!"

கம்பியில் கொழுந்துக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. யோகராணி குறுக்கிட்டாள்.

"ஐயா, உங்கட தோட்டத்துப் பிள்ளைதான் சாகக் கிடக்குது. லைனை விடுங்கோ."

"இப்ப முடிஞ்சிடும். நடுவில விட்டால் முதலிலயிருந்து வாசிக்க வேணும்."

பொறுத்துப் பார்த்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதே "இப்ப முடிஞ்சிடும்". அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டு ஆஸ்பத்திரியை அழைத்தாள்.

வேலாயி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னது லயமெல்லாம் பரவியது. ஆனால் தோட்டத்திலிருந்து வந்ததோ முறைப்பாடு. கம்பனிக் கணக்கை நடுவில் அறுத்த பெண் கிளாக்கரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

தபாலதிபர் துரைராசா நல்லவர், பயந்தவரும்கூட. "ஒரு சொல்லுச் சொல்லிவிடு பிள்ளை. வீணாய் வேலை போயிடும்."

"நான் எதுக்குச் சொல்ல வேணும்? ஒரு சிசுவைக் கொழுந்தோட சேர்த்துத் தராசில நிறுத்தவர் சொல்லட்டும் முதலில!"

முத்திரை வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களோடு வேலாயியின் புருஷன் செல்லசாமியும் நின்றான். தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு மெல்ல முன்னால் வந்தான்.

"உங்களாலதாங்க அவ உசிரோட இருக்கா. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேங்க."

யோகராணி அவனைப் பார்த்தாள். இவன் நன்றி சொல்கிறான். அங்கே ஒருவர் மன்னிப்புக்குக் காத்திருக்கிறார். என்ன நியாயம் இது? அவள் பதில் சொல்வதற்குள் பலகையில் பெரிய தோட்டத்தின் அழைப்புத் தகடு விழுந்தது.

"என்ன தங்கச்சி, சொல்லப் போறியோ இல்லையோ?" கிளாக்கரின் குரல். "எங்கட மனேஜர் துரையும் பக்கத்தில நிக்கிறார்."

"இருங்கோ" என்றாள் யோகராணி.

இணைப்பைக் கவுண்டர் டெலிபோனுக்கு மாற்றினாள். எழுந்து போய் ரிசீவரை எடுத்தாள். கவுண்டர் கம்பிவலைக்குக் கீழிருந்த இடைவெளி வழியாக அதைச் செல்லசாமியின் கையில் வைத்தாள்.