ஸ்டெல்லா மதிப்பெண் போடாத ஆட்டக்காரன்

இன்று காலை திருவள்ளூர் ரயிலில் என் நண்பன் வில்சன் தன் தங்கை ஸ்டெல்லாவின் கடிதத்தைப் படித்துக் காட்டினான். மெல்போர்னில் நர்ஸாக இருக்கிறாள். அவள் கப்பலேறும் முன், உன்னைப் பிடிக்கும் என்று அவளிடம் சொல்லாமல் விட்டவன் நான்.

கடிதம் முழுக்க அந்த ஊர்க் கால்பந்து அணிதான். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருந்தாள்.

"பின்வரிசை கெழடு தட்டிடுச்சாம். ஒருத்தனுக்கு அடிபட்டா எறக்க ஆளில்லியாம். இன்னாமா கண்டுகினு கீறா பாரு, மச்சான்."

"எல்லாருக்கும் போட்டுட்டாளா?"

"ஒருத்தனுக்கு மட்டும் போடல. மழை வந்தா அவனுக்கு முட்டி வலிக்குமாம், பாவம்னு எழுதிக்கீறா."

வில்சன் சிரித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மழை நாளில் ஒருவனுக்கு முட்டி வலிப்பது, கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தால் தெரியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.