சனிக்கிழமைத் தண்ணீர்

எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. "பஸ் பென்னலூர் தாண்டிடுச்சு", "டிரைவர் அண்ணா, ரெண்டு நிமிஷம்" என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் வராது. ஜெனரல் ஷிஃப்டுக்காக ஸ்ரீபெரும்புதூரில் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் அந்தக் குழுவில்தான் செய்தி வந்தது. "நம்ம வாணி போயிட்டாங்களாம். மலேரியா. அங்கேயே." பஸ் வந்தது, ஏறினோம்.

வாணியோடு அந்த பஸ்ஸில் வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி: பென்னலூர்ப் பெண், டிப்ளமோ படித்தவள், எங்கள் ஆலையின் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் ஐந்து வருடம் வேலை பார்த்தாள். அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, தெற்கு சூடானில் ஓர் அகதி முகாமுக்குக் குடிதண்ணீர் கொடுக்கப் போனாள். போகும்போது இருபத்தாறு வயது. நான் அவளுடைய ஷிஃப்ட் சூப்பர்வைசர். சிடுமூஞ்சி என்று எனக்குப் பெயர் உண்டு, அதை நான் மறுத்ததும் இல்லை.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். கேன்டீன் குடிதண்ணீரைத் தினமும் சோதித்து, சுவரில் மாட்டியிருக்கும் தாளில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் யார் போய்ப் பார்ப்பது? நம் கம்பெனிகளில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாரத்தில் ஒரு நாள் போய், ஆறு நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஒரு புதன்கிழமை வாணி அந்தத் தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, லைனில் அத்தனை பேர் நிற்கும்போது என் முன்னால் வந்து நின்றாள்.

"சார், சனிக்கிழமைத் தண்ணிய இன்னிக்கே குடிச்சிட்டீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில், நேற்று வந்தவள் எனக்கு வேலை சொல்லித் தருகிறாயா என்று கத்தித் தீர்த்தேன். அவள் தாளைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்பதற்கு முன்பு, கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். ஒரு வாய் மட்டும் வைத்துப் பாருங்கள், விழுங்காதீர்கள் என்றாள். பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் நாக்கில் பட்டதும் சாக்கடை வாடை அடித்தது. தரைத்தொட்டிக்குள் மழைநீர் புகுந்திருக்கிறது, வடிகட்டியும் பழுதாகியிருக்கிறது. குழாய்களை எல்லாம் அவள் அதற்குள் அடைத்துவிட்டிருந்தாள். அன்றைக்கு அத்தனை பேரும் அதைக் குடித்திருந்தால், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எழுதிய தாளில் என் கையெழுத்துதான் இருந்திருக்கும். அவள் மேலே போய்ச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். சொல்லவில்லை. வெற்றுத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, "இன்னிலருந்து போடுங்க சார்" என்றாள். "கலங்கலா இருந்தா பயமில்ல, பாத்து ஒதுங்கிடுவாங்க. தெளிவா இருக்கற தண்ணிதான் சார் ஏமாத்தும்."

அன்றிலிருந்து எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் வந்தது. கையெழுத்துப் போடுகிறவர் முதலில் நாலு பேர் பார்க்க அந்தக் குழாயில் ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். இன்றைக்கும் அது நடக்கிறது. எந்த ஆடிட்டர் சொன்னார் என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என்ன செய்தாள் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரிசா, பீகார்ப் பிள்ளைகள் அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் வீடுகளுக்குப் போய் மொட்டைமாடித் தொட்டிகளைக் கழுவிவிடுவாள். என்னையும் ஒருமுறை இழுத்துப் போனாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன், அவள் தொட்டிக்குள் இறங்கினாள். ஒரு செத்த அணிலும், முழங்கால் அளவு சேறும் வெளியே வந்தன. வீட்டுக்காரர் வந்து, "யார் சொல்லி வந்தீங்க, இதுக்கு எவ்ளோ கேப்பீங்க?" என்று அதட்டினார். ஒன்றும் வேண்டாம், மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து நீங்களே எட்டிப் பாருங்கள், அது போதும் என்றாள். அந்த மனிதர் எட்டிப் பார்த்தார். சேற்றை அள்ள ஒரு வாளி கொண்டுவந்து கொடுத்தார்.

வெளிநாட்டுக்குத் தேர்வாகிவிட்டாள் என்றும், அப்பா சம்மதிக்கவில்லை என்றும் கேள்விப்பட்டபோது நானாகவே போய், உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்றேன். அந்தத் தாளுக்குப் பரிகாரமாக ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் என்று எனக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. என்ன பேசுவது என்று கேன்டீனில் உட்கார்ந்து குறிப்பெல்லாம் எழுதினேன். அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு பென்னலூர் போனேன். அவள் அப்பா பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கேட் செக்யூரிட்டி. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அரை மணி நேரம் பேசினேன். தண்ணீர் என்றேன், தர்மம் என்றேன், உங்கள் பெண் தங்கம் என்றேன். கடைசியில் அவர், "நீங்க சொன்னா சரி சார்" என்றார். அவள் அம்மா ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்து வைத்தார்.

தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். "நம்ம பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?" நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

அங்கே போன பிறகு வாணி மாதத்துக்கு இரண்டு முறையாவது குரல் செய்தி அனுப்புவாள். மருந்து கலந்த தண்ணீர் நாற்றமடிக்கிறது என்று முகாமில் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கே திரும்பிப் போனார்களாம். ஆற்றுத்தண்ணீரில்தான் நோயே. "அவங்க முன்னாடி டெய்லி நான்தான் சார் மொதல்ல குடிக்கிறேன். கொஞ்ச நேரம் தொறந்து வச்சா வாடை போயிடும்னு காட்டினேன். இப்ப ஆத்துப் பக்கம் யாரும் போறதில்ல. குடிக்கறப்பல்லாம் உங்க மூஞ்சிதான் ஞாபகம் வருது" என்று சொல்லிச் சிரித்தாள். அது அவள் போய் ஒரு வருடம் ஆனபோது. அடுத்த மழையில் காய்ச்சல் வந்தது. பாதை மூழ்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்றார்கள்.

உடல் பென்னலூர் வந்த அன்று கம்பெனி பஸ்களை வரிசையாகச் சாலையோரம் நிறுத்திவிட்டு டிரைவர்கள் இறங்கி நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். அவள் அப்பா கண்ணில் படாமல் திரும்பி வந்துவிட்டேன். காரியத்துக்கும் போகவில்லை. அனுப்பச் சொன்னவன் நான். என்ன முகத்தோடு போவது? குழுவில் "பஸ் பென்னலூர் தாண்டிடுச்சு" என்று வரும்போதெல்லாம் செல்போனை மூடி வைத்துவிடுவேன்.

மூன்று வாரம் கழித்து மனைவிதான், "அடிச்சாலும் வாங்கிக்கினு வாங்க" என்று அனுப்பிவைத்தாள். போனேன். உள்ளே நுழைந்ததும், மன்னித்துவிடுங்கள், நான்தான் பேசி அனுப்பிவைத்தேன் என்று சொல்லி அழுதுவிட்டேன். அவள் அப்பா என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீங்க அனுப்பல சார். நீங்க வந்தீங்களே, அன்னிக்குக் காலையிலயே நான் சரின்னுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். "பொண்ணு ரெண்டு நாளு சோறு துண்ணாம உக்காந்துகினு இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல, போய் வாம்மான்னுட்டேன். உங்களுக்கு போன் பண்ணி வர வேணாம்னு சொல்லவான்னு கேட்டேன். வேணாம்பா, சாரு எழுதி எழுதிப் படிச்சிக்கினு கீறாரு, லீவு வேற போட்டுட்டாரு, வந்து பேசட்டும், நீ தலைய குனிஞ்சிகினு கேளு, கடைசில சரின்னு சொல்லுன்னு சொல்லிக்குடுத்துச்சு."

அடுப்படியிலிருந்து அவள் அம்மா வந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு உங்களுக்குக் குடுத்தேனே கேசரி, அது நீங்க வர்றதுக்கு முன்னாடியே பொண்ணு போகப்போவுதுன்னு கிண்டினது சார்" என்றார்.

நான் அழுதுகொண்டே சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூன்று வாரமாக யாரும் சிரிக்கவில்லை என்று அவள் அம்மா சொன்னார்.

அன்றைக்கு நான் பேசிக்கொண்டிருந்தபோது வாணி கதவோரம் நின்றிருந்தாள். எந்த இடத்திலும் குறுக்கே பேசவில்லை. அப்பா சரி என்றதும் கைகூப்பி, "ரொம்ப தேங்க்ஸ் சார், நீங்க இல்லன்னா நடந்திருக்காது" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. ஒன்றரை வருடம் நான் அதை நம்பினேன், தலை நிமிர்ந்து நடந்தேன். வாணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த அரை மணி நேரத்தைத்தான். அவளுக்கு அது தேவைப்படவே இல்லை. எனக்குத் தேவைப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.