மூன்று கரிக்கோடுகள்

பாகலூரிலிருந்து பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்கு மடியில் முட்டைக் கூடையோடு பஸ்ஸில் போன ஒரே ஆராய்ச்சி மாணவி நானாகத்தான் இருப்பேன். அறுபதுகளின் கடைசி அது. ஒவ்வொரு முட்டையிலும் அம்மா கரியால் மூன்று கோடு போட்டிருப்பாள். அடைக்கு வைத்தது எது, கோழி புதிதாக இட்டது எது என்று குழம்பாமலிருக்க எங்கள் வீட்டு வழக்கம் அது.

முட்டைக்குள் வளரும் குஞ்சின் நரம்புத் துணுக்கை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வளர்ப்பேன். இளம் நரம்புச் செல் மெல்லிய இழையை நீட்டிக்கொண்டே போகும். ஒருநாள் செங்காந்தள் கிழங்கின் நஞ்சை ஒரு சொட்டு விட்டேன். சில மணி நேரத்தில் நீட்டியதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு செல் உருண்டையாகிவிட்டது. செல்லுக்குள் பந்தக்கால்போல் நின்று வடிவத்தைத் தாங்கிய நுண்குழல்களை நஞ்சு கலைத்துவிட்டது என்று எனக்குப் பட்டது. 

பக்கத்து மேசை ஆராய்ச்சியாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர்.

"நீங்க படம் வரைஞ்சு குடுங்க. எழுதறத நான் பாத்துக்கறேன். ரெண்டு பேரு பேரும் வரும்" என்றார்.

நம்பினேன். அச்சில் என் பேர் வந்தால்தான் தேன்கனிக்கோட்டை சம்பந்தத்தைத் தள்ளிப்போட்டு என்னை மேலே படிக்க விடுவதாக அப்பா சொல்லியிருந்தார். நுண்ணோக்கியில் கண் வலிக்கப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். என் படம் என்று தெரிய, ஒவ்வொரு செல்லின் ஓரத்திலும் அம்மா போடுவதுபோல் மூன்று சின்னக் கோடுகள் போட்டேன்.

ஆராய்ச்சி இதழ் வந்தது. அவர் பேர் மட்டும் இருந்தது.

கேட்டேன். "நீங்க கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுவீங்க, உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். என் டப்பாவிலிருந்து தினமும் புளிச்சோறு தின்ற வாய். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அடுத்த வாரம் அவர் பேசிய கூட்டத்தில் திரையில் என் படம் விழுந்தது. பேராசிரியர் ஒருவர் எழுந்து, "ஓரத்துல அந்த மூணு கோடு என்ன?" என்று கேட்டார்.

இவருக்குத் தெரியவில்லை. கடைசி வரிசையிலிருந்த என்னைப் பார்த்தார். பேராசிரியரும் திரும்பிப் பார்த்தார்.

"வரைஞ்சவர் அவருதானே சார், அவரையே கேளுங்க" என்றேன்.

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "புதுசா முளைக்கிற நரம்பிழைங்க" என்றார். எங்கள் வீட்டு முட்டைக் கோட்டை அத்தனை படித்தவர்களும் நரம்பென்று எழுதிக்கொண்டார்கள். எனக்குத் தையில் கல்யாணம் நடந்தது.