ரெனிட்டாவுக்குப் பின்னி விட்டவள்

"பொய் சொல்லாதடி! இப்பதானே கீழேருந்து பார்த்தேன். எங்க ஒளிச்சு வச்சிருக்க அவளை?"

"கத்தாத ஸஹானா. இங்க யாரும் இல்ல."

"அப்ப உன் சடையை யாரு பின்னினா? கடல் காத்து வந்து பின்னிட்டுப் போச்சா?"

இது என் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது. குக்கர் விசிலையும் மீறி. பெசன்ட் நகரில் அந்த மாடி ரூமுக்கு நேர் கீழ்வீடு என்னுடையது. ஒட்டுக் கேட்க எனக்கொன்றும் ஆசையில்லை. மாடிப்படி என் ஜன்னலை ஒட்டிப் போனால் நான் என்ன செய்ய முடியும்? கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இது ஸஹானா என் சமையலறையில் உட்கார்ந்து, பல் தந்தியடிக்க, ஒன்று விடாமல் சொன்னது. அவள் தலைமுடி என்ன கதியில் இருந்தது என்பதை நானே பார்த்தேன்.

ஸஹானாவும் ரெனிட்டாவும் மயிலாப்பூரில் ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். ரெனிட்டாவுக்குத் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து தினமும் பிரேயருக்கு முன்னால் ஸஹானாதான் பின்னி விடுவாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள். தாலி கட்டினவன்கூட அவ்வளவு உரிமை கொண்டாட மாட்டான்.

அடையாறில் ஒரே காலேஜில் இருவருக்கும் இடம் கிடைத்த வருஷம், ஸஹானாவின் அப்பா ராகவேந்திரனுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. ரெனிட்டாவின் அப்பா அம்மா ஏற்கெனவே மஸ்கட்டில். வெளியே ஒரு ரூம் எடுத்துச் சேர்ந்து தங்கலாம் என்று தோழிகள் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ராகவேந்திரன் ஒரே போடாகப் போட்டார்.

"வெளியிலயா? நன்னாருக்கு! ஹாஸ்டல்ல சீட் கிடைக்கறதே குதிரைக்கொம்பு. ஒழுங்கா அங்க இரு."

ஸஹானா ஹாஸ்டலுக்குப் போனாள். ஆறரைக்கு கேட்டைப் பூட்டும் ஹாஸ்டல் தனக்கு ஒத்து வராது என்று ரெனிட்டா இந்த மாடி ரூமுக்குத் தனியாக வந்தாள். ரூமில் இரண்டு கட்டில்கள். சுவரோரக் கட்டில் ரெனிட்டாவுக்கு. ஜன்னலோரக் கட்டில் காலி.

ஸஹானாவின் வயிற்றெரிச்சல் அங்கே ஆரம்பித்தது. இவளுக்குப் பருப்பே இல்லாத சாம்பார், அவளுக்குக் கடற்கரையில் சோளம். அதைக்கூட விழுங்கிவிட்டாள். ஆனால் ஆடி மாசம் ஒரு திங்கட்கிழமை ரெனிட்டா கிளாஸுக்கு வந்தபோது அவள் தலை பின்னியிருந்தது.

நாலு கால் பின்னல். ஒரு மயிர் பிசகவில்லை. ஸஹானாவுக்கே அவ்வளவு நேர்த்தி வராது.

"யாரு பின்னினா?"

"தூங்கி எழுந்தா... பின்னியிருந்துச்சு."

"கதை விடாத."

அதற்கப்புறம் தினமும் அதே பின்னல். ஸஹானாவுக்குப் பாடம் ஓடவில்லை. போனில் பேசும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டாள். ரெனிட்டாவின் குரலுக்குப் பின்னால் யாரோ மெல்ல முணுமுணுப்பது போல இருக்கும். "யாருடி பக்கத்துல?" என்றால் முணுமுணுப்பு நின்றுவிடும். ரெனிட்டா பேச்சை மாற்றுவாள்.

ஒரு நாள் கேட் வரை வந்து பார்த்தவளிடம் புது வாட்ச்மேன் கருணாகரன் வேறு எண்ணெய் ஊற்றினான். "இன்னா பாப்பா, மேல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க. நீ மூணாவதா வர்றியா?"

ரெண்டு பொண்ணுங்க!

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தேகாலுக்கு ஸஹானா சொல்லாமல் கிளம்பி வந்தாள். தெருவிலிருந்தே பார்த்துவிட்டாள். பால்கனியில் ரெனிட்டா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கொடியில் ஒரு போர்வை காய்ந்தது. போர்வைக்கு இந்தப் பக்கம் இரண்டு கைகள். வெளுத்த, மெலிந்த கைகள். பின்னிக்கொண்டிருந்தன.

இரண்டிரண்டு படியாக ஏறினாள். அப்போது நடந்ததுதான் நீங்கள் முதலில் கேட்ட சண்டை. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பாத்ரூமில் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். புருஷனின் சின்ன வீட்டைத் தேடுபவள்கூட அவ்வளவு சல்லடை போட மாட்டாள். யாரும் இல்லை. ரெனிட்டாவின் சடை மட்டும் பாதியில் நின்றிருந்தது.

வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே பயந்திருப்பார்கள். நம்ம ஸஹானாவுக்குப் பொறாமை கண்ணை மறைத்தது. மறுவாரமே ஹாஸ்டல் சீட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். விட்டால் திரும்பக் கிடைக்காது, அடுத்தவளுக்குப் போய்விடும் என்று வார்டன் தலையில் அடித்துக்கொண்டாராம். அப்பா போனிலேயே ஆடினார். இவள் பெட்டியும் பக்கெட்டுமாக ஞாயிறு காலை வந்து இறங்கினாள். யாராக இருந்தாலும் சரி, அவளைத் துரத்திவிட்டுத் தன் இடத்தைப் பிடிப்பது ஒன்றுதான் குறி.

ரெனிட்டா சந்தோஷப்படவில்லை.

"ஜன்னலோரக் கட்டில் வேணாம். என்கூடவே படு."

"ஏன், அது அவளோடதா?"

ஸஹானா வேண்டுமென்றே அந்தக் கட்டிலில் பெட்ஷீட் விரித்தாள். பிறகு ரெனிட்டாவை உட்கார வைத்து, அந்த நாலு கால் பின்னலைப் பிரித்து, பழையபடி மூன்று கால் போட்டுப் பின்னினாள். ஜெயித்த திருப்தி.

"முதல்ல பயமா இருந்துச்சு ஸஹானா," என்றாள் ரெனிட்டா தரையைப் பார்த்தபடி. "இப்ப பழகிருச்சு."

"என்ன பழகிருச்சு?"

"ஒண்ணுமில்ல."

மத்தியானம் மழை பிடித்தது. சாப்பிட்ட மயக்கத்தில் ஸஹானா ஜன்னல் பக்கம் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

மூன்று பத்துக்கு கரண்ட் போனது. எனக்கு நேரம் நன்றாக நினைவிருக்கிறது. டிவியில் படம் பாதியில் நின்றது.

மேலே ஃபேன் நின்றது. கிர்ர்ர்... டக்.

ஸஹானாவுக்கு அரைத் தூக்கம். தலையில் சீப்பு ஓடியது. சரக்... சரக்...

ரெனி சமாதானத்துக்கு வருகிறாள் என்று நினைத்தாள். கண்ணைத் திறக்காமலே சிரித்துக்கொண்டாள். பின்னத் தெரியாதவள் பின்ன வந்திருக்கிறாளே!

"மெதுவாடி. வலிக்குது."

இழுப்பு அதிகமானது.

விரல்கள் காதோரம் பட்டன. நெருப்பாகக் கொதித்தன... காய்ச்சல்காரியின் விரல்கள் மாதிரி.

"ரெனி, உனக்கு உடம்பு சுடுதா?"

முணுமுணுப்பு மட்டும். போனில் கேட்ட அதே முணுமுணுப்பு.

பாத்ரூம் கதவு திறந்தது.

ஈரத் துண்டோடு ரெனிட்டா வெளியே வந்தாள்.

"யாரோட பேசற?"

ஸஹானா எழப் பார்த்தாள்.

எழ முடியவில்லை.

தலை பின்னால் இழுத்தது.

அவளுடைய முடி முழுவதும் ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பின்னியிருந்தது. நாலு கால் பின்னல். கம்பிக்குக் கம்பி... அடி வரைக்கும்.

அப்போதும் பின்னிக்கொண்டிருந்தது.

அலறலை நான் கேட்டேன். இடி என்று நினைத்தேன், கடவுளே.

ரெனிட்டா கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். ஸஹானா அடுத்து நடந்ததைச் சொல்லும்போதுதான் என் முன்னால் உடைந்து அழுதாள். முடியை வெட்டிக்கொண்டே, ஸஹானாவின் தோளுக்கு மேல் யாரையோ பார்த்து, குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் ரெனிட்டா சொன்னாள்.

"போதும், விடு. அவ போயிடுவா."

செருப்புகூட இல்லாமல் மழையில் இறங்கி வந்தவளை நான்தான் உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுத்தேன். முடி கழுத்துவரை கோணல்மாணலாக நறுக்கியிருந்தது. காபி ஆறும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் போகச் சொல்லிட்டா ஆன்ட்டி," என்றாள். பேயைப் பற்றி அல்ல, அதைப் பற்றித்தான் முதலில் சொன்னாள்.

அடுத்த வாரம் நான் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸைப் பிடித்துக்கொண்டேன். வாடகை வாங்க வந்த மனிதரை விஷயம் கறக்காமல் அனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது. நான் குடிவருவதற்கு முன்னால் நடந்ததாம்.

"ரெண்டு பொண்ணுங்க வந்தாங்கம்மா. உயிருக்கு உயிரான சிநேகிதம். திடீர்னு ஒருத்திக்கு ஹாஸ்டல்ல இடம் கிடைச்சுது. சொல்லாம கொள்ளாம போயிட்டா. இன்னொருத்தி காய்ச்சல்ல விழுந்தா. போனவளோடதான் இருக்கான்னு இங்க எல்லாரும் நினைச்சோம். இங்கதான் இருக்கான்னு ஹாஸ்டல்ல நினைச்சிருக்காங்க. கதவை உடைச்சப்ப..."

அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"அதுக்கப்புறம் தனியா தங்கினவங்க யாருக்கும் ஒரு குறையும் இல்லம்மா. ஒருத்திகூடக் காலி பண்ணணும்னு கேட்டதில்ல. ரெண்டாவதா யாராவது வந்தாத்தான்."

ஸஹானா நாக்பூரில் படிப்பை முடித்தாள். போன வருஷம் தையில் கல்யாணம். மாப்பிள்ளை சாய்நாத், புனேயில் வேலை. மயிலாப்பூரில் வைத்து நடந்தது. ரெனிட்டாவுக்குப் பத்திரிகை போகவில்லை. ஆனால் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் கல்யாணப் பெண்.

ரெனிட்டா டிகிரி முடிக்கும் வரை அந்த மாடி ரூமை விட்டு நகரவில்லை. பிறகு எரிக் என்ற பையனைக் கட்டிக்கொண்டு பாலவாக்கம் போனாள். நல்ல பையன், "ரெனி, ரெனி" என்று உருகுவான். நாலே மாதம். அவன் மட்டும் பெங்களூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். நான் சும்மா இருப்பேனா? போன் போட்டுப் பிடித்தேன்.

"ரெனிட்டாவை எப்பப்பா கூட்டிட்டுப் போகப் போற?"

"அவங்க வரமாட்டாங்க ஆன்ட்டி."

"அவங்களா? அடேயப்பா! கட்டின பொண்டாட்டிக்கு இவ்வளவு மரியாதையா?" என்று சிரித்தேன்.

எரிக் சிரிக்கவில்லை.

"மரியாதைக்கு இல்ல ஆன்ட்டி. அவங்க ரெண்டு பேரு," என்றான். போனை வைத்துவிட்டான்.