கட்-ஆஃப் வந்தும் சீட் இல்லை

அப்பாவுக்கு மிச்சமிருக்கும் ஒரே சொல் ‘ரைட்’. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துறையூருக்கு முப்பது வருடம் கண்டக்டராகப் போய் வந்தவர். பக்கவாதம் வலது கையையும் காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டபோது, வண்டியைக் கிளப்பும் அந்தச் சொல்லை மட்டும் எப்படியோ விட்டுவைத்தது. நிறுத்தச் சொல்லும் ‘ஹோல்டான்’ போயே போய்விட்டது. பசித்தாலும் ரைட், படுக்கை நனைந்தாலும் ரைட்.

அம்மா இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. பெங்களூரில் வேலையிலிருந்த நான் மூன்று மாத விடுப்பில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்தேன். அதை நீட்டி நீட்டி இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஆள் வைக்காமல் இல்லை. மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் ஊட்டினால் அப்பா வாயை இறுக்கி மூடிக்கொள்வார். மூன்று பேரும் ஆளுக்கொரு வாரத்தில் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். கொள்ளிடக் கரை வரை நடந்துவிட்டு வந்தாலே எனக்கு அது வெளியூர்ப் பயணம்.

ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது போனில் ஃபிகர் ஸ்கேட்டிங் ஓடியது. ஷூவின் அடியில் கத்தியை வைத்துக்கொண்டு ஐஸ் தரையில் ஒரு பெண் சுழன்று குதித்தாள். அப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பிளந்த வாய்க்குள் நான்கு ஸ்பூன் கூடுதலாகப் போனது. அன்றிலிருந்து தினமும் அதுதான். அவருக்கு ஆட்டம் மட்டும் போதும். எனக்கோ யார் யார் உலகப் போட்டிக்குப் போகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

விதிகளைப் படித்தால் அப்படியே நம்மூர் காலேஜ் கவுன்சிலிங். முதலில் மற்ற சர்வதேசப் போட்டிகளில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும், அது கட்-ஆஃப். எடுத்தாலும் போதாது. நாட்டுக்கு இத்தனை சீட் என்று உண்டு. போன வருடம் சோபிக்காத நாட்டுக்கு ஒன்றே ஒன்று. ஒரு நீள நோட்டு வாங்கி, நாடு வாரியாகக் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன்.

அதில் ஒரு பெயரின் கீழ் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தேன். சின்ன நாட்டுப் பெண். மூன்று வருடமாகக் கட்-ஆஃப் எடுக்கிறாள். அவள் நாட்டுக்கு ஒரே சீட். அவளைவிட நன்றாக ஆடும் இன்னொருத்தி அதில் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் ஒவ்வொரு வருடமும் இவள் பெயர் மாற்று ஆட்டக்காரர் பட்டியலிலேயே கிடக்கும். பெட்டியைக் கட்டி வைத்திருப்பாளா, மாட்டாளா என்று யோசித்து எனக்கு எரிச்சல் வரும். மேலே இருப்பவளை எனக்குக் கட்டோடு பிடிக்காது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

கீழ்வீட்டு அக்காவின் மகள் பிளஸ் டூ. நோட்டைப் பார்த்த அக்கா, ஏதோ வெளிநாட்டு டாக்டர் சீட் விவரம் என்றே நினைத்துவிட்டார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து உச்சுக்கொட்டினார். “கட்-ஆஃப் வந்தும் சீட் இல்லியா, பாவம். மேல இருக்கறவங்க வேணாம்னு எழுதிக் குடுத்தாத்தான் இந்தப் புள்ளைக்குக் கிடைக்கும்.” நான் திருத்தவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே.

பிப்ரவரியில் அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. மார்ச் முடிவதற்குள் சேராவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிடுவார்களாம். அதே வாரம் டாக்டரிடம் போனோம். அவர் அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். “நல்லா ஸ்ட்ராங்கா இருக்காரும்மா. பத்து, பதினஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேணாம்.” சந்தோஷம் டாக்டர் என்றேன். வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் பதினைந்தை என் வயதோடு கூட்டிப் பார்த்துவிட்டேன். ஐம்பத்தாறு.

மார்ச் கடைசியில், உலகப் போட்டி தொடங்கும் வாரம், காலைக் கஞ்சிக்கு உட்கார்ந்தபடி பட்டியலைத் திறந்தேன். மேலே இருந்தவள் பெயரைக் காணோம். கணுக்காலில் எலும்பு முறிவு, விலகிவிட்டாள். அந்த இடத்தில் என் சிவப்புக் கோட்டுப் பெண். ஸ்பூனோடு கை தட்டினேன். கஞ்சி போர்வையெல்லாம் தெறித்தது. “சீட் வந்துருச்சுப்பா” என்று கத்தினேன்.

அப்புறம்தான் உறைத்தது. ஒருத்தியின் கால் முறிந்ததற்கு நான் கை தட்டியிருக்கிறேன். கீழ்வீட்டு அக்காவின் விரல் நினைவுக்கு வந்தது. எனக்கு மேலேயும் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க அவருக்குக் கை வராது. என் சீட் எப்படிக் காலியாகும் என்பது ஆஸ்பத்திரி வாசலிலேயே எனக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தவள் நான்தானே.

அப்பாவுக்கு ஏதோ நல்ல சேதி என்று மட்டும் புரிந்தது. பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டுவதுபோல் இடது கையால் கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். என்னைப் பார்த்துச் சிரித்தபடி, “ரைட்” என்றார்.

நோட்டை மூடி வைத்தேன். ஸ்பூனைத் துடைத்து, கஞ்சியை அள்ளி நீட்டினேன். போனைப் பார்க்காமலே வாயைத் திறந்தார்.