முந்தி வந்த பனி

எங்கள் பக்கம் பனி என்றால் வெள்ளையாக விழுந்து குவிகிற பனி அல்ல. மேலே மலையில், கேரள எல்லையை ஒட்டிய தோட்டங்களில், சில வருடம் மட்டும் புல் நுனியில் உறைந்து கிடக்கும். கீழே கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்குக் கிடைப்பது அதன் மிச்சம். விடியற்காலையில் இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், வாயைத் திறந்தால் புகை வரும், பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. மார்கழியில் வரவேண்டிய சங்கதி. ரசிக்கிறவர்கள் ரசித்துக்கொள்ளட்டும். எனக்குப் பனி என்றாலே ஆகாது.

நான் சொல்கிற வருடம் அது கார்த்திகை பிறந்த கையோடு வந்துவிட்டது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம், மகளுக்கு ஒரு வயது. ஐப்பசி மழை பாதியில் நின்று, வானம் சட்டென்று வெளுத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். அவள்தான் ஒருநாள் சாயங்காலம் வந்து இறங்கியதும் வாசலில் நின்று சொன்னாள்.

"மேல புல்லெல்லாம் உப்பத் தூவுன மாதிரி வெள்ளையாக் கெடக்கு. காலை வச்சா மொறுமொறுங்குது. ரெண்டு நாள்ல இங்கனயும் எறங்கிரும் பாருங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அனுமந்தன்பட்டி ஓரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பி இழுத்து, கூரை மாதிரி கொடியைப் படரவிட்ட பந்தல். கொடியை நறுக்கிவிடுகிற கவாத்து முடிந்து கொத்துக் கொத்தாகப் பூ எடுத்திருந்த நேரம். அந்த நேரத்தில் பனி இறங்கினால் இலைக்கு அடியில் சாம்பல் அப்பினாற்போலப் பூசணம் பிடிக்கும், பூ கருகிக் கொட்டிவிடும். முந்திக்கொண்டு மருந்து அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. விடிந்ததும் பந்தலுக்குள் போய், நீளக் கம்பால் கம்பிகளைத் தட்டித் தட்டி இலையில் நிற்கிற பனித்தண்ணீரை உதிர்க்க வேண்டும். வெயில் ஏறி இலை காய்ந்த பிறகுதான் மருந்து. பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து அடிக்கிற வேலை அது. இலை ஈரமாக இருந்தால், அடித்த மருந்து பனித்தண்ணீரோடு சேர்ந்து அடிக்கிறவர் தலையிலேயே வழியும். இது அவருக்குத் தெரியாததல்ல. மீசை முளைக்கும் முன்பே அந்தப் பந்தலுக்குள் நின்றவர்.

ஆனால் சொன்னபடி மூன்றாம் நாள் பனி இறங்கியதும் ஊரே பதறியது. மருந்து அடிக்கிற எஞ்சினை வாடகைக்கு விடுகிறவர் எங்கள் பக்கம் ஒரே ஒருவர். அவர் எல்லாருக்கும் முறை பிரித்துக் கொடுத்தார். எங்களுக்கு விழுந்தது காலை ஆறு மணி. எட்டரைக்கு எஞ்சின் அடுத்த தோட்டத்தில் இருக்க வேண்டும்.

"வெயில் வரட்டுமேங்க" என்றேன்.

"வெயிலுக்குக் காத்திருந்தா முறை போயிரும் புள்ள. பெறகு நாலு நாளாகும். பூவு தாங்காது."

பூசணத்துக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று என்று இரண்டு மருந்தையும் ஒரே டிரம்மில் ஊற்றினார். நான் பந்தலுக்கு வெளியே நின்று குச்சியால் கலக்கினேன். கம்பியைத் தட்ட நேரமில்லை. குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள் அவர் போனது தெரிந்தது. அப்புறம் எஞ்சின் சத்தம்தான். எட்டேகாலுக்கு வெளியே வந்தபோது தலைத்துண்டு பிழிந்தால் ஒரு சொம்பு நிறையும் போலிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. காதுமடலில் வெள்ளையாகச் சொட்டியது.

வீடு வந்து சேரும்போதே மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. இருமினார், நெஞ்சு அடைக்கிறது என்றார். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, துப்பி மாளவில்லை. அந்தக் குளிரில் வேர்க்கவும் செய்தது. இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டு நான் சொன்னது இதுதான்: "பனி தலையில ஏறிருச்சு."

நான் தேவதானப்பட்டிக்காரி. எங்கள் பக்கம் மாந்தோப்பு. திராட்சை மருந்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் பனிக்கு என்ன செய்வது என்பதில் எங்கள் அம்மா வீட்டை யாரும் மிஞ்ச முடியாது என்று ஒரு திமிர் இருந்தது. பனியில் நனைந்த தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும். இழுத்துப் போர்த்தி, நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைக்க வேண்டும். அந்த வீட்டில் மூன்று வருடமாக என் பேச்சு எதுவும் எடுபட்டதில்லை என்ற கடுப்பும் உள்ளே இருந்தது. அன்றைக்கென்று எடுபட்டது.

"தலைக்கு ஊத்திக்கிறேன் புள்ள, மேலெல்லாம் எரியுது" என்றார் அவர்.

"பனித்தலைக்கா? சும்மா இருங்க."

என் மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏத்தா, அவன் மேல மருந்து நாறுது. வெந்நி கெடக்கு, ரெண்டு சொம்பு ஊத்தி விடு."

"அத்த, நீங்க பேசாம இருங்க. ஜன்னி கண்டா யாரு பாக்குறது?" என்று அவளை அடக்கினேன். அவரையும் அடக்கினேன். சட்டையை மட்டும் கழற்றச் சொல்லிவிட்டு, தலையில் கட்டியிருந்த அதே துண்டாலேயே முடியைத் துவட்டினேன். பனியனோடு உட்கார வைத்து, மாமியார் விளாவி வைத்திருந்த வெந்நீரை மறுபடி கொதிக்கவிட்டு, நொச்சியைப் போட்டு, கம்பளியால் தலையோடு மூடினேன். அந்த மருந்துத் தலையைச் சூடான ஆவிக்குள் பிடித்து வைத்தவள் நான். வெளியே வரப் பார்த்தவரைத் தோளை அமுக்கி உட்கார வைத்தேன். நல்லா இழுங்க, நல்லா மூச்சை இழுங்க என்று வேறு சொன்னேன்.

பதினோரு மணிக்கு வாந்தி எடுத்தார். எதிரில் நிற்கிற என்னைத் தெரியவில்லை, எல்லாம் மங்கலாக இருக்கிறது என்றார். தொடைச் சதை தானாகத் துள்ளியது. மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கருமணி கடுகளவு சுருங்கியிருந்தது. ஊசியைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"மருந்து அடிச்சு எவ்வளவு நேரமாச்சு?"

சொன்னேன்.

"அடிச்சதும் குளிச்சாரா?"

இல்லை என்று தலையாட்டினேன். டாக்டர் பனியனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். "தோல் வழியாவே உள்ள போயிருக்கு. அப்பவே ரெண்டு குடம் தண்ணி ஊத்தியிருந்தா இந்த நிலைமைக்கு வந்திருக்காது. யாரும்மா குளிக்க வேணாம்னு சொன்னது?"

மாமியார் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நாந்தேன்யா சொன்னேன். பனின்னு நெனச்சு ஆவியும் பிடிக்க வச்சுப்புட்டேன்."

டாக்டர் அவளைத் திட்டினார். சுற்றி நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பிறகு வராந்தாவில் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "நீ நாளைக்கும் இந்த ஊருல புள்ளைய வச்சுக்கிட்டு இருக்கணும். வாயத் தெறக்காத" என்றாள். நான் திறக்கவில்லை. பயத்தில் திறக்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிம்மதியாகவும் இருந்தது என்பதுதான் உண்மை.

இரண்டு நாள் இழுத்துக்கொண்டிருந்து மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார். பந்தலில் ஒரு பூ கருகவில்லை. அந்தப் போகம் அப்படிக் காய்த்தது. அறுப்புக்கு வந்த ஆட்கள் கொத்தைத் தூக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

ஊர் என் மாமியாரை விடவில்லை. பெத்த மகனைக் குளிக்கவிடாமல் கொன்ற கிழவி என்று பேர் ஆயிற்று. பிணம் கிடந்த துஷ்டி வீட்டிலேயே அவருடைய தங்கை, அவள் வயிற்றில் பிறந்த மகள், எல்லார் முன்னாலும் "எங்கண்ணன ஆவியில வச்சு அவிச்சுட்டியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். அதோடு அம்மா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போடியில்தான் கட்டிக்கொடுத்திருந்தது, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். தீபாவளிக்கு மாமியார் பலகாரம் செய்து கொடுத்தனுப்புவாள். அப்படியே திரும்பி வரும். அவள் அதைப் பிரிக்காமல் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பஸ் ஏறிப் போய் நாத்தனாரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஐந்து வருடம் போதவில்லை.

ஐந்தாவது வருடம் மாமியார் படுத்துவிட்டாள். மகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். ஆள் அனுப்பினோம். வரவில்லை. அவள் வந்தது பிணத்தைப் பார்க்கத்தான்.

காரியமெல்லாம் முடிந்து அவள் ஊருக்குக் கிளம்பினபோது கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். உங்கம்மா குளிக்கச் சொன்னாக, நான்தான் விடல, ஆவி பிடிக்க வச்சதும் நான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"போனவள நல்லவளாக்குறதுக்கு நீங்க எதுக்கு மதினி பழிய ஏத்துக்கிறீக? அது ஆஸ்பத்திரியில தன் வாயாலயே ஒத்துக்கிட்டதுதான? இப்பிடி ஒரு மருமக கெடச்சதுக்கு அது குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.