மேஸ்திரிக்குக் கற்றுக்கொடுத்த பாடம்

வெல்டிங்காரருக்கு யாரிடமும் கெட்ட பேர் கிடையாது. இருபத்தாறு வருஷமாக அதே தகரக் கொட்டகை, அதே இரும்பு கேட். தீப்பொறி பட்டுப் பட்டு முன்கை இரண்டிலும் மயிர் முளைப்பதே நின்றுபோயிருந்தது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. பிள்ளை இல்லாத வீடு.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு மழைநாளில், பைப் அடுக்கின் அடியில் ஒரு நாய்க்குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி அதை முந்தானையால் துடைத்து வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அது வீட்டுக்கும் பட்டறைக்கும் பொதுப் பிள்ளை. வேலை நடக்கும்போது காலை நீட்டிப் படுத்துக்கொண்டு எல்லாரையும் மேற்பார்வை பார்க்கும். அதனால் மேஸ்திரி என்று பேர் நிலைத்துவிட்டது.

மேஸ்திரி கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது. பட்டறையில் இரண்டு முறை கம்பி திருட்டுப் போனபோது வெல்டிங்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. மைத்துனனின் கையில் துணியைச் சுற்றி, ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, கேட்டைத் தாண்டச் சொன்னார். "பிடி" என்றார். பிடித்தால் ஒரு பிஸ்கட். இரண்டே மாதத்தில் மேஸ்திரி தேறிவிட்டது. யார் உள்ளே வந்தாலும் வாலை ஆட்டும். ஆனால் வெல்டிங்காரர் பக்கத்தில் இல்லாதபோது, கையில் இரும்போடு ஒருவரும் வெளியே போக முடியாது.

"உள்ளே வர்றவங்களை ஒண்ணும் கேக்க மாட்டான். போறவங்களைத்தான் கேப்பான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

ஒருமுறை கம்பி ஏற்ற வந்த லோடுமேனின் கெண்டைக்காலில் பல் பதிந்தது. வெல்டிங்காரர்தான் ஊசி போட அழைத்துப் போனார். "என்னண்ணே, கூலி கேட்டா கடிக்கச் சொல்லி வச்சிருக்கீங்களா?" என்று லோடுமேன் நொண்டிக்கொண்டே கேட்டார். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது என்றுதான் வெல்டிங்காரர் நினைத்தார்.

அடுத்த தெருவில் ஒரு தையல்காரி இருந்தாள். புருஷன் போன பிறகு பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துப் பிழைப்பவள். அவளுடைய தையல் மெஷினின் இரும்புக் கால்மிதி விரிசல் விட்டதால் பற்றவைக்கக் கொடுத்திருந்தாள். வெல்டிங்காரரும் மனைவியும் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்த நாளில் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, மிதி ஆயிடுச்சா? வேலை அப்படியே கிடக்கு."

"நேத்தே ஆயிடுச்சும்மா. கேட் சும்மாதான் சாத்தியிருக்கு, போய் எடுத்துக்க."

"மேஸ்திரி இருப்பாரே."

"உன்னைத் தெரியாதா அவனுக்கு? ஒண்ணும் பண்ண மாட்டான், போ."

துக்க வீட்டுச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசியவருக்கு, தான் கற்றுக்கொடுத்தது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரவில்லை.

உள்ளே போனபோது மேஸ்திரி வாலை ஆட்டியது. அவள் அதன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, கால்மிதியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். மேஸ்திரி அவள் வலது கையைப் பிடித்தது. பிடித்த பிடியை விடவில்லை. பிடி என்று கற்றுக்கொடுத்தவர், விடு என்று சொல்ல அங்கே இல்லை. தெருவில் போனவர்கள் ஓடி வந்து தண்ணீரை ஊற்றி விலக்குவதற்குள், கட்டைவிரல் நரம்பு அறுந்துபோயிருந்தது. இனி அந்த விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் வெல்டிங்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய் நின்றார். தையல்காரி அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"அண்ணே, என்னைப் பார்த்து வாலை ஆட்டிச்சே. நான்தான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா?"

அவர் அவள் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

நகராட்சி அதிகாரி மூன்றாம் நாள் வந்தார். மேஸ்திரியைக் கூண்டில் வைத்துப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்றார். பிறகு காகிதத்தை விரித்து விதியை விளக்கினார். அந்தம்மா கேட்காமல் உள்ளே வந்திருந்தால் நாய் காவல் காத்ததாக ஆகும். வாய்ப்பூட்டு போட்டுக் கட்டி வளர்க்கலாம். உடையவர் வரச் சொல்லித்தான் வந்தாள், முன்பும் யாரையாவது கடித்திருக்கிறது என்றால் ஆபத்தான நாய். அதை உயிரோடு விட முடியாது. "யோசிச்சு சாயங்காலம் சொல்லுங்க" என்று எழுந்து போனார்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒரே ஒரு வார்த்தை. கேக்காம வந்துட்டாள்னு சொல்லுங்க. அவ கை போனது போனதுதான். இவன் உசிராச்சும் மிஞ்சட்டும்."

"அவளைத் திருடின்னு சொல்லச் சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"கேக்காம வந்து இரும்பைத் தூக்கினா அதுக்கு வேற என்ன பேரு?"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்கு வேற யாரு இருக்கா?" என்றாள். வெல்டிங்காரருக்கு மட்டும் வேறு யார் இருந்தார்கள்?

சாயங்காலம் அதிகாரி முன்னால் அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"நான்தான் சார் போன்ல உள்ளே போகச் சொன்னேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. இதுக்கு முன்னாடி ஒரு லோடுமேனையும் கடிச்சிருக்கு. இரும்போட வெளிய போனா பிடிக்கணும்னு பழக்கினது நான். அதையும் எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். "இதெல்லாம் நீங்களாச் சொல்ல வேண்டியதில்லையே."

"அந்தப் பொண்ணு தன் மேலதான் தப்புன்னு நினைச்சுட்டிருக்கா சார்."

மனைவி அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. மேஸ்திரிக்குக் கூண்டுக் கம்பி வழியாக வேளா வேளைக்கு ஊட்டிவிட்டாள். அவருக்குத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். தையல்காரியிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, "சொல்லியிருக்கலாமேண்ணே, போன்லயே" என்றாள்.

கூண்டில் வைத்த பதினோராம் நாள் காலை அவர் ஆட்டோவை வரவழைத்தார். மேஸ்திரியைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தபோது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து மறுபக்கம் ஏறிக்கொண்டாள். கால்நடை மருத்துவமனையில் அதன் தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியபோது மேஸ்திரி அவர் புறங்கையை ஒருமுறை நக்கியது. பிறகு மூச்சு மெல்ல மெல்ல நின்றது. டாக்டர் வெளியே போய் நின்றுகொண்டார்.

திரும்பி வருகிற வழியில் வெல்டிங்காரர் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். தங்கள் தெருவுக்கு முன்னால், தையல்காரி வீடு இருக்கும் தெருவில் மனைவி ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள், இறங்கியபடி. "அவ இடது கையால எப்படிச் சமைப்பா? நான் போய் உலை வச்சுட்டு வர்றேன்."